தூண்டிலோடு வெம்பக்கோட்டைக்கு

காலை 5.40. சிவகாசி பேருந்து நிலையம்.

ஊட்டிக்குப் போனவர்கள் எழுதுகிறார்கள், காசிக்குப் போனவர்கள் எழுதுகிறார்கள். பதினேழு கிலோமீட்டர் போனவள் எழுதக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே. நாங்கள் போனது வெம்பக்கோட்டை அணைக்கு, மீன் பிடிக்க. பெரிய டிக்கெட் ஐந்து ரூபாய், அரை டிக்கெட் மூன்று ரூபாய். நான் மாரி, என் வீட்டுக்காரர் செல்லச்சாமி, ஆறாவது படிக்கும் எங்கள் மகள் கௌசல்யா, ஆக மூன்று பேர். மூவரில் ஒருவரும் அதுவரை தூண்டிலைத் தொட்டது கிடையாது.

2005ஆம் வருஷம், தீபாவளி முடிந்து மூன்றாவது வாரம். பட்டாசுக் கம்பெனிகள் அடைத்துக் கிடக்கும் நேரம். நான் வெடிக்குத் திரி வைக்கிறவள். கம்பெனி இல்லாத நாட்களில் வீட்டில் தீப்பெட்டிக் கூடு ஒட்டுவேன். எங்கள் தெருவில் எல்லோரும் காலை நீட்டி உட்காருகிற மாதம் அது ஒன்றுதான்.

எட்டடி மூங்கில் கம்பு இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டர் சும்மா விடுவாரா?

"ஏம்மா, கம்ப எங்கன கொண்டு போறீக? ஆடு மேய்க்கவா?"

"மீன் புடிக்கண்ணே."

"மீன் புடிக்கத் தெரியுமா?"

"தெரிஞ்சா எதுக்குப் பஸ் ஏறிப் போறோம்? படிக்கத்தான் போறோம்."

"நல்லாப் படிங்க. யாரு கண்ணையும் குத்திராதீக" என்று சொல்லிவிட்டு, கம்புகளைக் கடைசி சீட்டுக்கு அடியில் குறுக்கே தள்ளினார். லக்கேஜ் டிக்கெட் போடவில்லை. நல்ல மனுஷன், நல்லா இருக்கட்டும்.

கம்பு இரண்டும் முப்பது ரூபாய், ஐம்பது மீட்டர் தங்கூஸ் என்கிற நைலான் நரம்பு பன்னிரண்டு ரூபாய், தூண்டில் முள் பத்து எண்ணம் ஐந்து ரூபாய். தண்ணீரில் மிதக்கிற தக்கைக்கு என் ரப்பர் செருப்பு ஒன்று அறுபட்டது. அறுக்கிற அளவுக்கு அது பழசு இல்லை என்பது என் கட்சி. அதைக் கேட்பார்தான் இல்லை.

காலை 6.00. பஸ்ஸில்.

ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கம்பெனிகள்தான். தனித்தனிச் சின்ன ரூம்கள், நடுவில் வேப்ப மரங்கள், பூட்டின கேட்டுகள். என் வீட்டுக்காரர் சன்னலோரம் உட்கார்ந்து முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், ஒரு வைகாசி மாதத்தில், அவர் வேலை பார்த்த வெடிமருந்து ரூமில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தது இரண்டு பேர். இவர் வெளியே ஓடி வந்துவிட்டார். கூட நின்ற தங்கராசு அண்ணன் வரவில்லை. இவருக்கு வலது கை, முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் வெந்துபோயிற்று. மதுரை ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு நாள் கிடந்தோம். தோல் வளர்ந்தது. ஆனால் இழுத்துப் பிடித்த தோல், விரல்கள் பாதிதான் மடங்கும். அமுக்கி அமுக்கிப் பழகச் சொல்லி டாக்டர் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். பந்து அலமாரியில் இருக்கிறது. சாப்பாடு இடது கையில் கரண்டி பிடித்துத்தான். அந்தக் கையால் மகள் தலையைக்கூட அவர் தொட்டதில்லை.

கை ஒரு பக்கம். அதைவிட மனசைப் போட்டு அரித்தது வேறொன்று. "கையில உள்ளதப் போட்டுட்டு, கூட நின்னவனையும் விட்டுட்டு ஓடியாந்தவன் நான்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அப்படிப்பட்ட மனுஷன், ஐப்பசி மழை அடித்து ஊரெல்லாம் தண்ணீர் என்று பேசிக்கொண்டிருந்த ஒரு நாள், சாப்பிடும்போது சொன்னார்: "கௌசியக் கூட்டிக்கிட்டு ஒரு நாளைக்கி மீன் புடிக்கப் போவமா?"

எனக்குக் கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. ஒன்றரை வருஷத்தில் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அது. விடுவேனா? அந்தக் கையால் அவர் ஒரே ஒரு மீனைப் பிடித்துக் கரையில் போட்டுவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இருக்கன்குடி மாரியம்மனுக்கு மனசுக்குள் நேர்ந்தும்கொண்டேன்.

காலை 6.40. வெம்பக்கோட்டை.

நிறுத்தத்தில் டீ இரண்டு ரூபாய். தண்ணியாக இருந்தது, சொன்னேன். "மளைக் காலம்ல, அதான்" என்றார் கடைக்காரர் சிரிக்காமல். அங்கிருந்து அணைக்கு அரை மணி நடை. கரிசல் மண் மழையில் ஊறிச் செருப்பை விடமாட்டேன் என்றது. கடைசியில் மூன்று பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். வெறுங்கால் எங்களுக்குப் புதுசா என்ன, மருந்து ரூமுக்குள் செருப்போடு யார் போகிறார்கள்?

கரை மேல் ஏறியதும் கௌசல்யா, "யம்மா! இம்புட்டுத் தண்ணியா!" என்று கத்தினாள். கத்தத்தான் செய்வாள். குழாய்க்கு முன்னால் குடத்தை வரிசை போட்டே வளர்ந்த பிள்ளை. எதிர்க்கரை தெரியாத அளவுக்கு வைப்பாற்றுத் தண்ணீர் செந்நிறத்தில் நிரம்பி நின்றது. பாதி முழுகிய கருவேல மரங்களின் உச்சியில் நீர்க்காக்கைகள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன.

காலை 7.20 முதல் 8.45 வரை. அணைக்கரை.

இந்த ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் நடந்தவை. முதல் முள் என் சேலையில் மாட்டியது. எடுக்கப் போன கௌசல்யாவின் பாவாடையில் இரண்டாவது முள். மூன்றாவது முள்ளை நான் நரம்பில் கட்டினேன். கட்டினேன் என்றால், அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுகிற பழக்கத்தில் இழுத்து இழுத்து இருபது சுற்றுச் சுற்றிவிட்டேன். பார்த்தால் உருண்டைதான் இருக்கிறது, முள்ளைக் காணோம். "திரியும் வச்சிருங்க, வெடிச்சாவது மீனு சாகட்டும்" என்றாள் மகள். வாய் அவளுக்கு என்னைப் போல.

நான்காவது முள் ஒரு வழியாகத் தண்ணீரில் இறங்கியது. இரைக்கு மைதா உருண்டை. முந்தின நாள் கூடு ஒட்டி மிஞ்சிய பசையில் இரண்டு கை மாவைப் போட்டுப் பிசைந்து நான்தான் கொண்டுவந்திருந்தேன். எதற்கு வீணாக்க வேண்டும்? என் வீட்டுக்காரர் கம்பை இடது கையில் பிடித்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. தக்கையைப் பார்த்தோம், பார்த்தோம், பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு மீன் எட்டிப் பார்க்கவில்லை. பத்தடி தள்ளித் துள்ளுகின்றன, எங்கள் பக்கம் மட்டும் வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

காலை 9.00.

அப்போதுதான் பேச்சியம்மாள் வந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். பழைய பெயிண்ட் வாளி, ஒரு கம்பு, நரம்பு சுற்றிய பால்பவுடர் டப்பா ஒன்று. பக்கத்துக் கிராமம். அவளும் கம்பெனிக்குப் போகிறவள்தானா என்று கேட்டேன். "நாங்க வெள்ளாமக் காட்டு வேல மதினி. மளை பேஞ்சா மீனு" என்றாள். அணை குத்தகையில் இருந்தாலும் கரையில் கைத்தூண்டில் போடுகிறவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லையாம்.

எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இரை உருண்டையை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள். முகத்தைச் சுளித்தாள்.

"மதினி, இது என்ன நீலமா இருக்கு?"

அடி பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். கூடு ஒட்டுகிற பசையை எலியும் பூச்சியும் தின்னக்கூடாது என்று மயில்துத்தம் என்கிற நீல விஷ உப்பைக் கலந்துதான் காய்ச்சுவோம். வருஷக்கணக்காக என் கையால் கலக்கிய துத்தம். எலியே தொடாத பசையைக் கொண்டுவந்து மீனுக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நல்ல வேள, மீனுக்கு உங்கள விட வெவரம் இருக்கு" என்றாள் பேச்சியம்மாள். உருண்டைகளைத் தண்ணீர்ப் பக்கம் போடாமல் மேட்டில் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னாள். மூன்று பேரையும் கை கழுவ வைத்தாள். பிறகு ஈர மண்ணைக் கிளறி மண்புழு எடுத்தாள். புழுவை முள்ளில் கோர்க்க கௌசல்யா முடியவே முடியாது என்று ஓடினாள், பிறகு கோர்த்தாள். அன்றைக்கு அவளுடைய முதல் சாதனை அது.

புழு போட்டதும் நிலைமை மாறியது. அரை மணி நேரத்தில் கௌசல்யாவுக்கு விரல் நீளத்தில் ஒரு ஜிலேபி மீன், எனக்கு அதிலும் சின்னதாக ஒன்று. நான் கத்தியதைக் கேட்டு நீர்க்காக்கைகள் எழும்பிப் போயின. அவருக்கு மட்டும் ஒன்றும் மாட்டவில்லை. இடது கையால் கம்பைத் தூக்குவதற்குள் மீன் போய்விடுகிறது. நாலு தடவை அப்படிப் போயிற்று. ஐந்தாவது தடவை கம்பைக் கீழே வைத்துவிட்டார்.

பேச்சியம்மாள் அவர் வலது கையைப் பார்த்தாள். சிவகாசிப் பக்கம் இருக்கிற யாருக்கும் அதைப் பார்த்தால் கேட்க வேண்டிய தேவை இல்லை. தன் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

"அண்ணே, கம்பு வேண்டாம். இந்த நரம்ப வீசிட்டு டப்பாவக் காலுக்கு நடுவுல வச்சுக்கோங்க. மாட்டுனா அதுவா உருவிக்கிட்டு ஓடும். அப்ப அமுக்கிப் புடிச்சாப் போதும்."

அவளே வீசியும் கொடுத்தாள். அவருக்கு இடது பக்கம் கௌசல்யா, வலது பக்கம் நான். எலுமிச்சம் சாதப் பொட்டலத்தை அவிழ்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

காலை 10.10.

சர்ர்ர்ர்ர்.

டப்பாவிலிருந்து நரம்பு உருவிக்கொண்டு போகிற சத்தம். பேச்சியம்மாளுக்கு அது மீன். எங்களுக்கு அது வெடிமருந்தில் தீப்பிடிக்கிற சத்தம். வேலைக்குச் சேருகிற முதல் நாளே போர்மேன் சொல்லிவிடுவார்: சர்ருன்னு கேட்டா கையில உள்ளதப் போட்டுட்டு ஓடு, என்ன ஏதுன்னு பாக்காத, திரும்பிப் பாக்காத. பதினெட்டு வருஷம் கேட்ட சொல். காதில் விழுந்தால் போதும், கால் முந்திக்கொள்ளும்.

"ஓடு!" என்று கத்தினார்.

ஓடினோம். கரைச் சரிவு ஏறி, மேலே உள்ள பாதையைத் தாண்டி, ஒரு கருவேல மரத்துக்கு அந்தப் பக்கம் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டோம். மூன்று பேரும்தான். கௌசல்யாவுக்கு இதை யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. எங்களைப் பார்த்துப் பார்த்தே தெரிந்துவைத்திருக்கிறாள்.

ஒன்றும் வெடிக்கவில்லை. தவளை ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

"ஏ மதினீ! என்னாச்சு? பாம்பா?" என்று கீழேயிருந்து பேச்சியம்மாள் குரல் வந்தது.

கௌசல்யா முகத்தில் ஒட்டிய மண்ணோடு தலையைத் தூக்கினாள். "பாம்பு இல்ல அத்த, மீனு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. மீனுக்குப் பயந்து குப்புற விழுந்த குடும்பம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"பாத்தியா மாரி" என்றார். "மறுபடியும் போட்டுட்டு ஓடியாந்துட்டேன். நான் அம்புட்டுத்தான்."

எனக்குச் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. ஏண்டா இந்தப் பயணம் வந்தோம் என்று ஆகிவிட்டது. சேலையில் ஒட்டிய கருவேல முள்ளைத் தட்டப் போனேன். மணிக்கட்டு சுரீர் என்றது. பார்த்தால் இரண்டு கண்ணாடி வளையல் நொறுங்கி, தோல் கீறி ரத்தம் வந்திருக்கிறது. அதைச் சுற்றிலும் சிவந்து கன்றிப்போன தடம். மேலே நாலு விரல், உள்பக்கம் கட்டை விரல்.

யாருடைய விரல் என்று ஒரு நிமிஷம் எனக்கே புரியவில்லை. பிறகு கௌசல்யாவைக் கேட்டேன்.

"ஏட்டி, நீ எப்பிடி மேல வந்த?"

"யப்பா தூக்கிட்டு வந்தாக. இந்தா, இடுப்போட சேத்து" என்று அவருடைய இடது கையைக் காட்டினாள்.

அப்படியென்றால் என்னை இழுத்து வந்தது எந்தக் கை? நான் அவர் முன்னால் போய் மண்டி போட்டு உட்கார்ந்து, மணிக்கட்டை அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"என்னத்தப் போட்டுட்டு ஓடுனீக? சொல்லுங்க, என்னத்தப் போட்டுட்டு ஓடுனீக? அந்தப் பாடாப்போன டப்பாவத்தான போட்டீக! இது யாரு புடிச்ச புடி? இங்கன பாருங்க, எண்ணிப் பாருங்க!"

அவர் பார்த்தார். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் வளையல் சில்லு ஒன்று குத்தி நின்றது. அது குத்தியதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தக் கையை என் மணிக்கட்டின் மேல், தடத்தின் மேலேயே வைத்து, மெதுவாக மூடினார். விரல்கள் பாதிதான் மடங்கின. ஆனால் பாதி போதுமாக இருந்திருக்கிறது.

"வலிக்குதா?" என்றார்.

"வலிக்காம? எலும்பு ஒடஞ்சிருக்கும்" என்றேன்.

காலை 10.30.

"ஏ அண்ணே, குடும்பம் பேசி முடிச்சிட்டீகன்னா கீள வாங்க. என் டப்பா போகுது!" என்று பேச்சியம்மாள் கத்தினாள்.

டப்பா தண்ணீரில் முழுகி முழுகி எழும்பிப் போய்க்கொண்டிருந்தது. மீன் இன்னும் முள்ளில்தான் இருக்கிறது. பேச்சியம்மாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எங்கள் மூங்கில் கம்பால் நரம்பை வளைத்துக் கரைக்குக் கொண்டுவந்தாள். என் வீட்டுக்காரர் முழங்கால் தண்ணீரில் நின்று வாங்கிக்கொண்டார். நரம்பை இடது கை இழுத்தது. டப்பாவை வலது கையில் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"கையில சுத்தாதீகண்ணே, அறுத்துரும். விட்டுப் புடிங்க, விட்டுப் புடிங்க" என்று பேச்சியம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் சொன்னேன், மகளும் சொன்னாள். "எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்கலே!" என்று அவர் கத்தினார். அவர் சத்தம் போட்டுக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! கால் மணி நேரம் இழுத்திருப்பார். கரையில் வந்து விழுந்த மீன் ஒரே துள்ளலில் மறுபடி தண்ணீருக்குப் பாய்ந்தது. நான் யோசிக்கவே இல்லை, சேலையோடு அதன் மேல் விழுந்துவிட்டேன். கெண்டை. வீட்டுக்கு வந்து கடைத் தராசில் போட்டால் ஒன்றேகால் கிலோ.

பேச்சியம்மாளுக்குப் பாதி தருவதாகச் சொன்னோம். "மொத மீன யாராச்சும் வெட்டிக் குடுப்பாகளா? எலுமிச்சஞ்சாதம் இருந்தாத் தாங்க" என்றாள். நாலு பேரும் சாப்பிட்டோம், ஏன் ஓடினோம் என்பதையும் சொன்னோம். எப்போதாவது சிவகாசிப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னோம். "வெடிக்காத வீடா இருந்தா வாரேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

மதியம் 12.50. திரும்பும் பஸ்.

டிக்கெட் அதே ஐந்து, ஐந்து, மூன்று. ஒரு கம்பை அணையிலேயே விட்டுவிட்டோம், முறிந்துபோயிற்று. ஈரச் சேலை, மீன் வாடை, கால் நிறையக் கரிசல் மண். பக்கத்து சீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். வருஷம் பூராவும் கந்தக வாடையோடு இதே ரோட்டில் பஸ் ஏறுகிறேன், ஒருவரும் தள்ளி உட்கார்ந்ததில்லை. எங்கள் ஊரில் கந்தகம் எல்லோருக்கும் பழகின வாடை.

கௌசல்யா என் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பஸ் ஒரு நாலு கிலோமீட்டர் போயிருக்கும். அவர் முன் சீட்டின் முதுகைப் பார்த்தபடியே பேசினார்.

"தங்கராசு அந்தக் கோடியில நின்னான், மாரி. சன்னலுக்குக் கீள. நான் வாசப் பக்கம்."

ஒன்றரை வருஷமாக இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தவளுக்கு, வந்தபோது மூச்சு விடவே பயமாக இருந்தது.

"நடுவுல மருந்துச் சட்டி. சட்டியிலதான் புடிச்சுது. அங்கிட்டு அவன், இங்கிட்டு நான்."

"ம்."

"கைக்கு எட்டல."

"ஆமாங்க. எட்டல."

"எட்டியிருந்தா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். உதடு கோணிக்கொண்டு வந்தது.

"எட்டியிருந்தாப் புடிச்சிருப்பீக" என்றேன்.

அவர் அழுதார். சத்தமாகவே அழுதார். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.